உப்புத்துறையின் நம்மாளு

காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்று ஒரு பழமொழி உண்டு. பீளமேட்டு நல்லசிவத்துக்கு நடந்ததைக் கேட்டால் அந்தப் பழமொழியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். எப்படித் திருத்துவது என்பதைக் கதை முடிந்தபிறகு நீங்களே சொல்லுங்கள்.

நல்லசிவம் தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், தூத்துக்குடித் தணிகாசலம் செய்த ‘ஏழு கரை’ என்ற கணினி விளையாட்டுக்கு அடிமையாகி இரண்டு பாடங்களில் கோட்டை விட்டவன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. தணிகாசலம் என்றால் அவனுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்த இடம். அந்தத் தணிகாசலம் தலை நரைத்தபிறகு ‘உப்புத்துறை’ என்று ஒரு விளையாட்டை அறிவித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே போய்ப் பிழைக்கக்கூடிய துறைமுக ஊர். ஏழு கடல், நாற்பது தீவு, கொள்ளைக்கப்பல், திமிங்கிலம் எல்லாம் உண்டு என்றார். எந்தக் கம்பெனியும் கிழவரை நம்பி முதல் போடவில்லை. அப்படியானால் ஊர் கூடித் தேர் இழுப்போம், வாருங்கள் என்று ரசிகர்களைக் கூப்பிட்டார். நல்லசிவம் முதல் ஆளாக வடம் பிடித்தான்.

தேர் நகர்ந்தால்தானே? பொங்கலுக்குக் கேட்டால் தீபாவளி என்றார், தீபாவளிக்குக் கேட்டால் பொங்கல் என்றார். அப்படியே ஐந்து வருஷம் ஓடியது. இடையில் வந்த ஒரே உருப்படியான சங்கதி, ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பு.

அது இப்படி. உப்புத்துறையின் ஜனங்கள், எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கிற பொம்மைகள் அல்லவாம். அவர்களுக்கு நினைவு உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு. யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பது செய்தவருக்கே தெரியாது. ஆனால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அவர்களுக்கு யாராவது கற்றுத்தர வேண்டும். அதற்காக, பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் ஞாயிறு காலையில் ஓர் அழைப்பு வரும். தணிகாசலத்தின் குரலில் இயந்திரம் பேசும். இன்ன ஆளுக்கு இன்ன கஷ்டம், நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்.

நல்லசிவம் இரண்டு வாரம் பதில் சொன்னான். கொள்ளைக்கப்பலைப் பற்றிக் கேட்பார்கள் என்று பார்த்தால், மீன் விற்கிறவள் ஒருத்தி அழுகிறாள், என்ன செய்வீர்கள் என்றது. அழுதா எனக்கென்ன என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மூன்றாம் வாரம் மணி அடித்தபோது போனை மனைவி சாருமதியிடம் கொடுத்து, “வாய்க்கு வந்ததைச் சொல்லு” என்றான். கேஸ் சிலிண்டர் பதிவு, மகளின் பள்ளிக்கூடக் கூட்டம், உறவில் துக்கம் விசாரிப்பது என்று அந்த வீட்டில் சலிப்பான வேலை எதுவானாலும் அவளிடம்தான் போகும். இதுவும் போயிற்று. அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பேசிக்கொண்டிருப்பாள். அவன் அதற்குப் பிறகு அதை மறந்தே போனான்.

ஒருவழியாக உப்புத்துறை வந்தது. பெட்டியில், கட்டிக்கொண்டால் ஊருக்குள்ளேயே கொண்டுபோகிற நெற்றிப்பட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று பணம் போட்ட ஆதரவாளருக்கு, ஒன்று அவர் வீட்டு விருந்தாளிக்கு. இரண்டாவதைப் பரணில் போட்டுவிட்டு, முதலாவதை நெற்றியில் கட்டிச் சாய்வு நாற்காலியில் படுத்தான் நல்லசிவம். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு, பொய் சொல்லக் கூடாது.

அதன்பின் ஊரைச் சுற்றிப் பார்த்தான். சுற்ற அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஏழு கடலில் ஒரு கடல் இருந்தது, அதிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும். தீவு ஒன்றுகூடக் கிடையாது. திமிங்கிலத்தின் வால்கூட இல்லை. பத்துப் பதினைந்து தோணி, ஒரு மீன் ஏலக்கூடம், ஒரு மணிக்கூண்டு, வியாகுலம் என்கிற அம்மாளின் காப்பிக்கடை. அவ்வளவுதான் உப்புத்துறை. இணையத்தில் இருந்த ஆதரவாளர் மன்றத்தில் ஆளாளுக்குத் தணிகாசலத்தை வறுத்தெடுத்தார்கள். ஐந்து வருஷம் காத்திருந்தது காப்பி குடிக்கவா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நல்லசிவம் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அவனால் பொறுக்க முடியாதது வேறு.

அந்த ஊரில் யாரும் தனக்குத்தானே பெயர் வைத்துக்கொள்ள முடியாது. ஊர்தான் வைக்கும். ஊருக்கு ஓர் ஆளைப் பிடித்துப்போனால் யாராவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மணிக்கூண்டில் மணி ஒருமுறை அடிக்கும். அதுவரைக்கும் வந்தவர்கள் எல்லாரும் ‘வரத்து’. சந்தைக்கு வருகிற தக்காளி வரத்து, வெங்காய வரத்து போல. நல்லசிவமும் வரத்துதான். வரத்துகளுக்குக் காப்பிக்கடையில் வெயில் விழுகிற பக்கத்துப் பெஞ்சு. நிழல் விழுகிற பெஞ்சில் ஓர் இடத்தை யாருக்கோ ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

“அது நம்மாளு உக்காருத இடம்,” என்றாள் வியாகுலம். “நீரு அந்தப் பக்கம் இரும்.”

யார் அந்த நம்மாளு என்று கேட்டான். அதைக் கேட்டிருக்கவே கூடாது. அந்த அம்மாளுக்கு வாய் ஓயவில்லை. அடுப்புக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்த முக்காலி நம்மாளு செய்யச் சொன்னதாம். முழங்கால் வலியோடு நின்றுகொண்டே காப்பி ஆற்றாதீர், உட்கார்ந்தால் வியாபாரம் ஓடிவிடாது என்று சொல்லி, முக்காலியின் உயரத்தைக்கூட அவரே சொன்னாராம். தோணிக்காரன் சூசையோடு மகன் பேச்சை நிறுத்தியபோது போய்ச் சமாதானம் செய்யாமல், சூசையின் கோபம் தீரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாராம். நம்மாளு அப்படி, நம்மாளு இப்படி.

நல்லசிவம் விடுகிற ஆளா? ஒருநாள் புயல் வந்து சூசையின் தோணி அறுத்துக்கொண்டு போனபோது, மற்ற வரத்துகள் பார்த்துக்கொண்டு நிற்க, இவன் கடலில் குதித்து, மூச்சு முட்ட நீந்தி, கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்துவந்தான். கரையேறி மணிக்கூண்டைப் பார்த்தான். மணி அடிக்கவில்லை. சூசை தோணியைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல காரியம் செய்தீர் வரத்து என்றான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, நம்மாளு இருந்திருந்தால் தோணி போனால் போகட்டும் என்று என்னோடு கரையில் உட்கார்ந்திருப்பார் என்றான்.

தோணியை மீட்டவனைவிட மீட்காமல் உட்கார்ந்திருக்கக்கூடியவன் உசத்தி என்றால் அது என்ன நியாயம்? நல்லசிவத்துக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. பல் தேய்க்கும்போது நம்மாளு, கம்பெனிக் கூட்டத்தில் நம்மாளு, சோற்றைப் பிசையும்போது நம்மாளு. ஆளைப் பார்த்தாவது தொலைக்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. இவன் போகிற இடமெல்லாம், இப்போதுதான் எழுந்து போனார் என்றார்கள். ஒரே ஒருமுறை தோணித்துறையின் கோடியில் ஒல்லியான முதுகு ஒன்று வெள்ளை வேட்டியோடு தெரிந்தது. இவன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் காணவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சாருமதி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல உக்காருங்க மாமா,” என்றாள்.

உட்கார்ந்து வயிற்றெரிச்சலைக் கொட்டினான். நம்மாளைப் பற்றிச் சொல்லும்போது குரல் ஏறியது. தணிகாசலத்தின் சொந்தக்காரன் எவனாவதாக இருப்பான், நமக்கு முன்னாடியே திருட்டுத்தனமாக உள்ளே விட்டிருக்கிறார்கள் என்றான். அவள் கேட்டுக்கொண்டே உரித்தாள். பிறகு, அந்தக் காப்பிக்கடை அம்மாவிடம் இத்தனை நாள் காப்பி வாங்கிக் குடித்தீர்களே, கால் எப்படி இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டீர்களா என்று கேட்டாள். அது பொம்மை, அதுக்கேது கால் என்று எரிந்து விழுந்தான் நல்லசிவம். அவள் பட்டாணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே மன்றத்தில் புகார் எழுதிப் போட்டான். எவனோ ஒருவனை முன்கூட்டியே உள்ளே விட்டு ஊரையே அவன் கைக்குள் கொடுத்துவிட்டார்கள், காத்திருந்தவர்கள் எல்லாரும் இளிச்சவாயர்களா என்று. அவனைப் போலவே வயிறெரிந்துகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். நாலாம் நாள், மோட்டார் கம்பெனியில் தன் அறையில் இருந்தபோது, கணினித் திரையில் தணிகாசலமே வந்தார். தோளில் துண்டு, மூன்று நாள் தாடி. நல்லசிவம் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

“உக்காருங்க தம்பி,” என்றார் அவர். “நீங்க யார் மேல புகார் குடுத்திருக்கீங்கன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க ஐயா. அதுதானுங்களே புகாரே.”

“உங்க மேலதான்.”

அவனுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் ஒவ்வொருவரும் சொன்ன பதிலை வைத்து ஒவ்வொரு நிழல் ஆளைச் செய்து ஊருக்குள் விட்டார்களாம். ஊர் ஜனங்கள் பழக ஆள் வேண்டுமே? முக்கால்வாசி நிழல்கள் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆமா, இல்லை, ஏதோ ஒண்ணு என்று பதில் சொன்னால் நிழல் எதை வைத்துப் பிழைக்கும்? நல்லசிவத்தின் கணக்கில் வந்த நிழல் ஒன்றுதான் கடைசிவரை நின்றது. ஆளும் நிழலும் நேருக்கு நேர் பார்த்துவிடாதபடி ஏற்பாடு. அதனால்தான் அதன் முகம் அவன் கண்ணில் படவில்லை.

“ஏழு கடல் எங்கன்னு எல்லாரும் என்னை வையுதாங்க,” என்றார். “செஞ்சிருப்பேன். உங்க நிழல் அந்தக் காப்பிக்கடையில உக்காந்து கேக்குற கேள்வியையும் அந்த ஜனங்க சொல்ற பதிலையும் பாத்த பிறகு, அத விட்டுக் கடலுக்குப் போக எனக்கு மனசு வரல. எங்க அம்மா செத்த வருசம் நான் ஒரு வேலையும் பாக்கல தம்பி. உங்க பதில்களைத்தான் வாசிச்சிட்டிருந்தேன். உங்கள ஒருதரம் நேர்ல பாக்கணும்.”

நல்லசிவத்துக்கு நெஞ்சு விம்மியது. நானா? நம்மாளு நானா? அரை நிமிஷம் அவன் தரையில் இல்லை. அதற்கப்புறம், அழுகிற மீன்காரி ஞாபகத்துக்கு வந்தாள். அழுதா எனக்கென்ன என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் உரிக்கிற சாருமதி ஞாபகத்துக்கு வந்தாள்.

அந்த இடத்தில், ஐயா, அது நானில்லை, என் வீட்டுக்காரி என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இந்த மனிதரின் ஒரு வார்த்தைக்காக இருபத்தைந்து வருஷம் ஏங்கியவன் அவன். அந்த வார்த்தை வந்தும்விட்டது, ஆனால் அவனுக்கு வரவில்லை. ‘ஏழு கரை’ என்றால் என்ன என்றுகூட அவளுக்குத் தெரியாது. அசலூர்க்காரன் முந்திக்கொண்டால் அதற்குப் பொறாமை என்று பெயர். ஒரே வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறவள் முந்திக்கொண்டால் அதற்கு மரியாதையான பெயர் கிடையாது, பொச்சரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

“அந்த நிழல் இருக்கிற வரைக்கும் ஊர் எனக்குப் பேர் வைக்காதுங்களா?” என்று கேட்டான்.

“வைக்காது. ஊரப் பொறுத்தவரை உங்களுக்குப் பேர் வச்சாச்சு. நிழல எடுக்கச் சொல்ல உங்க ஒருத்தருக்குத்தான் உரிமை. எடுத்துட்டா எடுத்ததுதான். திரும்ப வராது.”

“எடுத்துடுங்க.”

கிழவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த உரிமை உண்டு என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன், செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் தலை வாரிக்கொண்டு உப்புத்துறைக்குப் போனான். விளையாட்டுக்குள் போக எதற்குத் தலை வாரவேண்டும் என்று கேட்காதீர்கள். காப்பிக்கடையில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. வியாகுலம் முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நம்மாளு போய்விட்டாராம். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாராம். சூசை வலையைத் தொடவில்லை. ஏலக்கூடத்தில் ஏலம் இல்லை. ஆளை எடுத்தார்களே தவிர, ஊரின் நினைவை எடுக்கவில்லை.

இதுதான் சமயம் என்று நினைத்தான் நல்லசிவம். அவனுக்கு ரகசியம் தெரியுமே. குரலை இளக்கி, மெல்லக் குனிந்து, “முதல்ல உக்காருங்க,” என்றான்.

வியாகுலம் நிமிர்ந்து பார்த்தாள். “நான் உக்காந்துதான வே இருக்கேன்?”

இருந்தபோதாவது நம்மாளு ஓர் ஆளாக இருந்தார். போனபிறகு ஊர் முழுக்க அவராகவே இருந்தது. நிழல் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நல்லசிவம் உட்காரப் போனபோது நாலு பேர் ஒரே நேரத்தில் செருமினார்கள். வெயில் பெஞ்சுக்கே திரும்பிவிட்டான்.

அடுத்த வாரம் சாப்பாடு பரிமாறும்போது சாருமதி கேட்டாள். “ஏனுங் மாமா, அந்த ஞாயித்துக்கிழமை போன் இனிமே வராதுங்களா?”

வராது, விளையாட்டு வெளியாகிவிட்டது, கேள்விகள் முடிந்துவிட்டன என்றான். அவள் ரசத்தைக் கலக்கி ஊற்றினாள்.

“நல்லாக் கேப்பாருங்க அந்தப் பெரியவரு. நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு. என்றகிட்ட ஆரும் அப்படிக் கேட்டதில்லீங்க,” என்றாள். பிறகு, கடைசி முறை பேசியபோது ஊரை ஒருதரம் வந்து பாருங்கள் என்று சொன்னாராம், பரணில் இன்னொரு பட்டை கிடக்கிறதே, ஒருக்கா கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டாள்.

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினான், அகப்படவில்லை. அப்புறம் அவனுக்கே ஒரு நப்பாசை பிறந்தது. வரட்டுமே. நிழல்தான் போய்விட்டதே. அவளும் ஒரு வரத்தாக வெயில் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும், அது எப்படிச் சுடுகிறது என்று அவளுக்கும் தெரியட்டும்.

போனார்கள். சாருமதி முதலில் கடலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வழி கேட்காமலே காப்பிக்கடைக்கு நடந்தாள். வியாகுலம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வரத்துக்கெல்லாம் அந்தப் பக்கம் என்று திரும்பாமலே சொன்னாள். நல்லசிவம் வெயில் பெஞ்சைக் காட்டினான். சாருமதி அதைப் பார்க்கவில்லை. அடுப்பின் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அட, முக்காலி போட்டாச்சுங்களா,” என்றாள் சந்தோஷமாக. “உயரம் சரியா இருக்குதுங்களாக்கா? ஒரு விரக்கடை கூடச் சொல்லிட்டனோன்னு எனக்கு யோசனையாவே இருந்துச்சு. நீங்க அதுல உக்காருங்க. மீதிப் பாத்திரத்தை நான் கழுவறேன்.”

வியாகுலம் திரும்பினாள். ஈரக்கையோடு சாருமதியைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள்.

“சொல்லாமக்கொள்ளாமப் போயிட்டு, சேலை கட்டிட்டு வந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீரா?” என்றாள் வியாகுலம். சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே தெருவைப் பார்த்துக் கத்தினாள். “ஏ சூசை, நம்மாளு வந்தாச்சு!”

மணிக்கூண்டில் மணி ஒருமுறை அடித்தது.

சூசை ஓடிவந்தான், ஏலக்கூடத்துக்காரர்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். சாருமதி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நிழல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரையும் உட்காரச் சொன்னாள். சூசையிடம் மகன் பேசிவிட்டானா என்று கேட்டாள். வீட்டில் இவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நல்லசிவம் கேட்டதே இல்லை. வெயில் பெஞ்சருகே நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள்மேல் பொறாமை, அவளைச் சுற்றி நின்றவர்கள்மேல் பொறாமை, அவளை இப்படிப் பேசவைத்த ஞாயிற்றுக்கிழமைக் குரலின்மேல்கூடப் பொறாமை.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும்தான் வியாகுலம் அவனைக் கவனித்தாள். “இந்த வரத்து உம்மகூட வந்ததா?” என்று சாருமதியிடம் கேட்டாள்.

“எங்கூட்டுக்காரருங்க,” என்றாள் சாருமதி.

“அட!” வியாகுலம் முந்தானையால் நிழல் பெஞ்சின் கோடியைத் துடைத்தாள். “நம்மாளு வீட்டுக்காரரா நீரு? மொதல்லயே சொல்லப்படாதா வே? இங்கன வந்து இரும்.”

மணி இன்னொரு தரம் அடித்தது.

ஐந்து வருஷம் காத்திருந்து நல்லசிவத்துக்கு ஊர் ஒரு பெயர் வைத்துவிட்டது. நம்மாளு வீட்டுக்காரர். சூசைகூட, வாரும் நம்மாளு வீட்டுக்காரரே என்று கையைப் பிடித்து உட்காரவைத்தான். வியாகுலம் அடுப்பைப் பற்றவைத்து முதல் காப்பியை அவனுக்குத்தான் கொடுத்தாள்.

சாருமதி அவன் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டாள். “மாமா, நம்மாளு சொல்லாமக்கொள்ளாமப் போயிட்டாருன்னு இந்தக்கா அழுதுச்சே. நான் இப்பத்தானுங்களே மொதத் தடவை வாரேன். அப்போ போனது ஆரு? ஏன் போனாங்க?”

நல்லசிவம் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“காப்பி ஆறுது, குடிக்கலாம்,” என்றான். அவள் கையில் இன்னும் காப்பி வரவில்லை.